ஊசல் கணக்கில் பிழை ஏன் குறைந்தது?

தனி ஊசலை வைத்து புவியீர்ப்பு முடுக்கம் கணக்கிட்டேன். நீளம் 1.000 ± 0.002 மீட்டர். 20 அலைவுக்கு 40.1 ± 0.2 நொடி, அதாவது அலைவு நேரம் 2.005 ± 0.010. அளவீட்டுப் பிழையையும் சேர்த்துக் கணக்கிடும் பைத்தானின் அன்சர்ட்டன்டீஸ் தொகுப்பு 9.82 ± 0.07 என்றது. கையால் போட்டால் ±0.10 வருகிறது. மதிப்பு சரி, பிழைதான் இடித்தது.

காரணம் நான் எழுதிய ஃபங்ஷன். கூப்பிடும்போதெல்லாம் அது யுஃப்ளோட் கட்டளையால் (மதிப்பையும் பிழையையும் சேர்த்து ஒரே எண்ணாக்குவது) புதிதாக ஓர் அலைவு நேரத்தை உருவாக்கித் தந்தது. சூத்திரத்தில் அலைவு நேரத்தின் வர்க்கம் வரும்; அதற்காக அதை இரண்டு முறை கூப்பிட்டுப் பெருக்கியிருந்தேன். தொகுப்போ அவற்றைத் தொடர்பே இல்லாத இரண்டு அளவீடுகளாக எடுத்துக்கொண்டது. உண்மையில் ஒரே அளவீடு. பிழை இரண்டு இடத்திலும் ஒரே பக்கம்தான் சாயும். 0.5 சதவீதமும் 0.5 சதவீதமும் சேர்ந்து 1 ஆக வேண்டியது, 0.7 ஆகிவிட்டது.

யுஃப்ளோட்டை ஒரே தடவை கூப்பிட்டு, மாறியில் வைத்து, அதையே இரண்டு இடத்திலும் போட்டேன். உடனே 9.82 ± 0.10.

சந்தேகம் வந்தால் பெருக்கிய இரண்டு அலைவு நேரங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள். ஒரே அளவீடு என்றால் பிழையும் சுத்தமாகப் பூஜ்யம். எனக்கு முதலில் ±0.014 காட்டியது. அப்புறம், எரர் காம்போனென்ட்ஸ் கட்டளை எந்த அளவீட்டால் எவ்வளவு பிழை என்று பிரித்துக் காட்டும்: நேரத்தால் 0.098, நீளத்தால் 0.02.