உள்ளங்கையில் அடங்கும் குட்டி நாய் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எதிர்வீட்டுப் பெண் ஒரு சிவாவா குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, நேத்துதான் வாங்கினோம். எழுந்ததுலேர்ந்து தள்ளாடுது." கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டேன். "ராத்திரி எட்டு மணிக்கு." அப்போது காலை ஏழு. 12 வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு.

தடுப்பூசி, குடற்புழு மருந்தெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வயதை விட்டு அளவைப் பார்ப்பது

'டீக்கப்' என்று தனி இனமே கிடையாது. சிவாவா, பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர் இவற்றில் மிகச் சிறியவற்றுக்கு விற்பவர்கள் வைத்த பெயர் அது. சில சமயம் அதுகூட இல்லை, தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்த குட்டியாக இருக்கும். எனக்கு விற்றவர் குட்டியை ஒரு டீ மக்குக்குள் உட்கார வைத்துக் காட்டினார். "ரெண்டு மாசம் ஆச்சும்மா, இதுக்கு மேல வளராது" என்றார். பூரித்துப்போய் வாங்கி வந்தேன். எடை 400 கிராம்.

அந்தச் சின்ன உடம்பில் சர்க்கரையைச் சேமித்து வைக்க ஈரலில் இடம் போதாது, கொழுப்பும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தள்ளாடி மயங்கிவிடும். மூன்று நான்கு மாதம் ஆகும்வரை 3-4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும், கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். நான் ஒன்பது மணிக்கு ஊட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் தொட்டால் சில்லென்று இருந்தது, ஈறு வெளுத்திருந்தது. பதற்றத்தில் வாயில் பாலை ஊற்றினேன். நினைவில்லாத குட்டிக்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டரிடம் சேருமுன் என் மடியிலேயே இறந்துபோனது.

எதிர்வீட்டுக் குட்டிக்கு ஈறில் விரலால் தேன் தடவினோம், கதகதப்பாகச் சுற்றி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிழைத்துவிட்டது. பல்லைப் பார்த்த டாக்டர், வயது ஆறு வாரம்தான் இருக்கும் என்றார். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. இன்னும் விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். எனக்கு ஆத்திரமாக வருகிறது. தாயோடு இருக்கும்போதே குட்டியைப் போய்ப் பாருங்கள். தாயைக் காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

நடக்க விட்டுப் பார்க்காதது

நாலு அடி நடந்ததும் பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நொண்டினால், முழங்கால் சில்லு விலகுகிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். இந்த இனங்களில் இது சகஜம். அறுவைச் சிகிச்சைவரை போகும்.

சோபாவில் விட்டுவிட்டுப் போவது

ஒரு குதிதான், முன்னங்கால் எலும்பு முறிந்துவிடும். குழந்தைகள் தூக்குவதானால் தரையில் உட்கார்ந்துதான் தூக்க வேண்டும்.

கழுத்துப்பட்டை

வேண்டாம். மூச்சுக்குழாய் நசுங்கும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸ் மாட்டுங்கள்.