டர்பனிலிருந்து கைக்குழந்தையோடு கிளம்பும் முன்

டிசம்பர் விடுமுறைக்கு ஜோஹானஸ்பர்க், ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில், நடுவில் கேப் டவுனில் ஒரு கல்யாணம். பிள்ளை பிறந்த முதல் வருடத்தில் அழைப்புகள் வரிசையாக வரும். தேதியைக் குறிக்கும் முன் பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். தலை நின்றுவிட்டதா, குப்புற விழுகிறதா, தவழ்கிறதா? எவ்வளவு தூரம் போகலாம், எப்படிப் போகலாம் என்பதைப் பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளே சொல்லிவிடும்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இதைப் பருவமாகவே வகுத்துவைத்தார்கள். செங்கீரை ஐந்தாம் மாதம்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் ஊன்றித் தலையைத் தூக்கி ஆடும் பருவம். உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். ஓராண்டை ஒட்டி, தளிர்நடை போட்டு வரும் வருகை. இன்றைய அளவுகளோடு இவை பெரிதாக முரண்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வரம்புகளின்படி, பிள்ளை தானாக உட்காருவது சுமார் 4 முதல் 9 மாதத்துக்குள், தவழ்வது 5 முதல் 13 மாதத்துக்குள், தனியே நடப்பது 8 முதல் 18 மாதத்துக்குள். வரம்பு எவ்வளவு அகலம் என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது என்று நெஞ்சு பதற வேண்டாம். குறைமாதத்தில் பிறந்திருந்தால் அந்த வாரங்களைக் கழித்துக் கணக்கிடுங்கள்: எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் என்றால், வளர்ச்சிக் கணக்கில் நான்கு மாதம்தான். ஆனால் 9 மாதம் முடிந்தும் தானாக உட்காரவில்லை, 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்றால் காத்திருக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

தலை நிற்கும் வரை

முதல் மூன்று, நான்கு மாதம் கழுத்துக்குப் பலம் இருக்காது. கார் சீட்டில் அதிக நேரம் இருந்தால் தலை முன்னால் சாய்ந்து, மோவாய் நெஞ்சில் முட்டும். மூச்சுக்குழாய் மெல்லிய ரப்பர் குழாய் போன்றது, மடங்கினால் அடைத்துக்கொள்ளும். பிள்ளை அழாது, தூங்குவதுபோலவே தெரியும். அதனால் முதல் மாதத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். டர்பனுக்குள்ளேயே சாட்ஸ்வர்த்திலிருந்து உம்லாங்கா வரை போகலாம், ஜோஹானஸ்பர்க் இப்போதைக்கு வேண்டாம். பின்சீட்டில் பெரியவர் ஒருவர் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். போய்ச் சேர்ந்ததும் சீட்டிலேயே தூங்கவிடாமல் எடுத்துச் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

பயணத்தையும் தடுப்பூசியையும் மோதவிடாதீர்கள். பிறந்தவுடன் பிசிஜி ஊசியும் போலியோ சொட்டும், பிறகு 6, 10, 14 வாரம், அடுத்து 6 மாதத்தில் தட்டம்மை, 9, 12, 18 மாதம் என்று பிள்ளைக்குக் கிளினிக்கில் தரும் ரோடு டு ஹெல்த் புத்தகத்தில் அட்டவணை இருக்கும். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வரலாம் என்பதால் நடுவில் இரண்டு நாளாவது விட்டுக் கிளம்புங்கள். ஊருக்குப் போகிறோம் என்று 14 வாரத் தவணையைத் தள்ளிப்போடுவதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. வயிற்றோட்டத்தைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தின் இரண்டாம் தவணை அன்றுதான், 24 வாரம் தாண்டினால் அதைக் கொடுக்க மாட்டார்கள். புத்தகத்தைப் பையில் வைத்திருந்தால் எந்த மாகாணத்திலும் அரசு கிளினிக்கில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

கார் சீட்

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கார் சீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது 2015 முதல் தென்னாப்பிரிக்கச் சட்டம். பாட்டி மடி எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் 120 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் எந்தக் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. இந்த ஒரு விஷயத்தில் குடும்பத்தில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்கும்படி மாட்டுங்கள். முன்சீட்டில் ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் இருந்தால் அங்கே வைக்கவே கூடாது, அது விரியும் அடி பிள்ளையின் தலையில்தான் விழும். மாட்டியபின் பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து இரு பக்கமும் ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு பெல்ட்டை இன்னும் இழுங்கள். தோள் பட்டை, பிள்ளையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ உள்ள துளையிலிருந்து வர வேண்டும். பூட்டியபின் தோள்மீது உள்ள பட்டையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் தளர்வு, விரல் வழுக்கினால் சரி.

ஜூலைக் குளிரில் தடித்த ஜாக்கெட்டோடு பூட்டினால் இந்தச் சோதனையே பொய்யாகிவிடும். மோதும்போது ஜாக்கெட்டின் பஞ்சு நசுங்கி, பட்டை நான்கு விரல் தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் பூட்டிவிட்டு மேலே போர்வை போர்த்துங்கள். பழைய சீட் வாங்கினால் அது விபத்தில் அடிபட்டதா, காலாவதித் தேதி தாண்டியதா என்று கேளுங்கள். தெரியாத ஆளிடம் கேட்டு நிச்சயமான பதில் கிடைக்காது என்பதால், சொந்தக்காரர் வீட்டுச் சீட் அல்லாத பழையதை வாங்காமலிருப்பது நல்லது.

என்3 நெடுஞ்சாலை

டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் சுமார் 570 கிலோமீட்டர். பெரியவர்கள் ஆறு மணி நேரத்தில் போவார்கள், பிள்ளையோடு எட்டரை, ஒன்பது மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். மூயி ரிவர் சுமார் 150 கிலோமீட்டரில், ஹாரிஸ்மித் 300இல், வில்லியர்ஸ் 450இல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது இருபது நிமிடம் பிள்ளையைச் சீட்டிலிருந்து எடுத்து, நாப்பி மாற்றி, பால் கொடுத்து, விரிப்பில் கை கால் உதைக்க விடுங்கள். ஓடும் காரில் பால் புகட்ட வேண்டாம், புரையேறினால் உடனே தூக்க முடியாது.

கடல் மட்டத்திலிருந்து கிளம்பிச் சுமார் 1,750 மீட்டர் உயரமுள்ள ஊருக்குப் போகிறீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏறும்போதும், வான் ரீனன் கணவாயிலும் பிள்ளை காரணமில்லாமல் வீறிட்டால் பெரும்பாலும் காது அடைத்திருக்கும். விழுங்கினால் விடுபடும். ஏற்றத்துக்கு முன் வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டு, ஏறும்போது சப்பியை (சூப்பும் ரப்பர் காம்பு) கொடுத்தால் போதும். டவுன் ஹில்லில் பனிமூட்டமும் லாரி நெரிசலும் அடிக்கடி உண்டு, விடிந்தபின் அதைக் கடக்கும்படி கிளம்புங்கள்.

2024 செப்டம்பரில் வான் ரீனன் பகுதியில் பனி கொட்டி என்3 மூடப்பட்டபோது ஏராளமான கார்கள் இரவு முழுவதும் சாலையிலேயே நின்றன. வசந்த காலத்தில், யாரும் எதிர்பாராத நாளில் நடந்தது அது. எனவே மே முதல் செப்டம்பர் கடைசி வரை, பயண நேரத்துக்கு வேண்டியதோடு இன்னும் 24 மணி நேரத்துக்கானதைக் கையில் வையுங்கள்: 12 நாப்பி, மூன்று செட் கம்பளி உடை, பால்மா குடிக்கும் பிள்ளைக்கு எட்டு வேளைக்கான பொடி, இரண்டு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு பெரிய ஃப்ளாஸ்க் வெந்நீர். இவற்றை டிக்கியின் அடியில் போடாமல் பின்சீட்டுக்குக் கீழே வையுங்கள்.

கோடையில் ஆபத்து வேறு. வெயில் படாமலிருக்கப் பிள்ளையின் தள்ளுவண்டி மேல் துணியைப் போர்த்துவது எல்லோரும் செய்வதுதான், ஆனால் உள்ளே காற்றோட்டம் நின்று சூளையாகிவிடும். குடை பிடியுங்கள். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு சன்ஸ்கிரீன் பூசாமல் நிழலில் வையுங்கள். பெட்ரோல் போட்டுப் பணம் கட்டிவரும் இரண்டு நிமிடத்துக்குக்கூடக் காரில் தனியே விடக்கூடாது.

பாலும் சோறும்

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையோடு பயணம் பாதி வேலை மிச்சம். பீய்ச்சிய பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நான்கு மணி நேரம், உறைந்த ஐஸ் கட்டிகளோடு கூலர் பாக்ஸில் 24 மணி நேரம் தாங்கும். டர்பன் ஜனவரியில் காருக்குள் 25 டிகிரி இருக்காது, கூலர் பாக்ஸையே நம்புங்கள். பால்மாவை முன்கூட்டியே கரைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஒரு வேளைக்கான பொடியைத் தனித்தனி டப்பாவில் அளந்து வைத்து, ஃப்ளாஸ்க்கில் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து, குளிர்ந்த தண்ணீரில் புட்டியை வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். பொடியிலேயே கிருமி இருக்கலாம் என்பதால்தான் இந்தச் சூடு. குடித்து மீதியானதை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு மசித்த பட்டர்நட் பூசணி, சர்க்கரைவள்ளி, வாழைப்பழம், உப்பில்லாத இட்லி எல்லாம் பயணத்துக்கு ஏற்றவை. பல் முளைக்கும் பிள்ளைக்குக் கடிக்க பில்டாங் (உலர்த்திய இறைச்சி) துண்டோ கெட்டி ரஸ்க்கோ கொடுக்கும் பழக்கம் இங்கே உண்டு. பில்டாங்கில் உப்பு அதிகம், இரண்டுமே உடைந்து தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ஒரு வயது வரை தேன் வேண்டாம், நாக்கில் தொட்டு வைக்கக்கூட வேண்டாம். வசம்பு வளையல், கருகமணி முதலியவற்றைப் பயண நாளில் கழற்றி வையுங்கள். நூல் அறுந்து மணி வாய்க்குள் போவது கார் சீட்டில் யார் கண்ணிலும் படாது. திருஷ்டிப் பொட்டை நெற்றியிலோ உள்ளங்காலிலோ வையுங்கள், கண்ணுக்கு மை வேண்டாம். கடையில் வாங்கும் மையில் ஈயம் இருக்கலாம்.

விமானமும் பேப்பர்களும்

கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து ஜோஹானஸ்பர்க் ஒரு மணி நேரச் சொச்சம்தான். காது வலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். இறக்கம், தரை தொடுவதற்குச் சுமார் அரை மணி முன்பே தொடங்கிவிடும், பால் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான். அதற்காகக் கிளம்புமுன் பிள்ளையைச் சற்றுப் பசியோடு வைத்திருப்பதில் தவறில்லை. மூக்கடைப்பு இருந்தால் இறங்குவதற்கு முன் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள்.

பிறப்பை 30 நாளுக்குள் ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகம்) பதிய வேண்டும். சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவதானால் பிள்ளைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும், 16 வயதுக்குக் கீழ் அது ஐந்து வருடம் செல்லும். தாயும் தந்தையும் பெயரோடு இருக்கும் முழுப் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப்போங்கள். ஒருவர் மட்டும் கூட்டிப்போனால் மற்றவரின் சம்மத அஃபிடவிட்டும், அவருடைய அடையாள அட்டை நகலும் கையில் இருக்கட்டும். கவுன்டரில் நின்று தேடும்போது பிள்ளை அழுதால் எதுவும் கைக்கு அகப்படாது, எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

காட்டு விலங்கு பார்க்க ஆசை இருந்தால் க்ரூகர் பூங்காப் பக்கமும் ஜோசினி ஊருக்கு வடக்கும் இந்த வயதில் வேண்டாம். செப்டம்பர் முதல் மே வரை அங்கே மலேரியா உண்டு, கைக்குழந்தைக்கு அது மிக வேகமாக முற்றும். பிலானஸ்பர்க், ஆடோ பூங்காக்கள் இரண்டிலும் மலேரியா இல்லை, யானையும் உண்டு.

வயிற்றோட்டம்

வழியில் வருவது பெரும்பாலும் இதுதான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய எட்டு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கத்தியின் பின்பக்கத்தால் ஸ்பூனை வழித்துவிட்டு அளக்க வேண்டும். உப்பு குவிந்தால் ஆபத்து, சர்க்கரை குவிந்தால் வயிற்றோட்டம் கூடும். ஒவ்வொரு முறை போனபிறகும் கப்பிலிருந்து சிறு மடக்காகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. 24 மணி நேரத்தில் தீராத மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

உச்சிக்குழி உள்வாங்கினால், கண் குழிந்தால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமலிருந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், பால் குடிக்க மறுத்துத் துவண்டால் பயணத்தை அங்கேயே நிறுத்தி, அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குக் கீழ் 38 டிகிரி காய்ச்சல் வந்தாலும் அப்படியே. ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து 112. அழைக்கும்போது எந்த டோலைத் தாண்டி எத்தனை கிலோமீட்டரில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சாலையோர நீலப் பலகையில் கிலோமீட்டர் எண் இருக்கும்.