கிரேக்க ஜாடி ஓவியத்தில் அஜாக்ஸைப் பார்ப்பது எப்படி? புதியவர்களுக்குப் படிப்படியாக

கிரேக்க ஜாடி ஓவியங்கள் முதலில் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். கறுப்பு உருவங்கள், செம்மண் நிறப் பின்னணி, ஈட்டி, கேடயம். யார் எவர் என்றே பிடிபடாது. எல்லாவற்றையும் பார்க்க முயலாமல் ஒரே ஒரு வீரனைப் பிடித்துக்கொண்டு போனால் கண் சீக்கிரம் பழகிவிடும். அதற்கு அஜாக்ஸைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்பேன். அவனை வரைந்தவர்களில் ஒருவர் எக்சீக்கியாஸ். பண்டைக்கால ஓவியர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

படி 1: கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அஜாக்ஸ், சலாமிஸ் தீவின் டெலமோனுடைய மகன். டிராய்ப் போரில் கிரேக்கர் பக்கம் அக்கிலீஸுக்கு அடுத்த வீரன். ஏழு மாட்டுத்தோல் அடுக்குகளின் மேல் வெண்கலம் போர்த்திய பெரிய கேடயம் அவனுடையது. டிராய் நகர இளவரசன் ஹெக்டருடன் அவன் போட்ட சண்டை வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. இருவரும் பரிசு மாற்றிக்கொண்டார்கள். ஹெக்டர் கொடுத்தது ஒரு வாள். இந்த வாளை மறக்காதீர்கள்.

அக்கிலீஸ் இறந்ததும் அவன் உடலைப் போர்க்களத்திலிருந்து தூக்கி வந்தவன் அஜாக்ஸ். ஆனால் அக்கிலீஸின் கவசம் யாருக்கு என்ற போட்டியில் ஒடிசியஸ் ஜெயித்துவிட்டான். அந்த அவமானத்தில் அஜாக்ஸுக்குப் புத்தி தடுமாறுகிறது. கிரேக்கத் தலைவர்களை வெட்டுவதாக நினைத்து ஆடுமாடுகளை வெட்டிச் சாய்க்கிறான். தெளிந்ததும் வெட்கம் தாங்காமல், ஹெக்டர் தந்த அதே வாளின் மேல் விழுந்து உயிரை விடுகிறான்.

இந்த முடிவு ஹோமரின் இலியட்டில் இல்லை, அக்கிலீஸ் சாவதற்கு முன்பே அந்தக் காவியம் முடிந்துவிடுகிறது. ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் 11-ஆம் பகுதியில், பாதாள உலகில் ஒடிசியஸ் சமாதானம் பேச வரும்போது, அஜாக்ஸின் ஆவி ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போகிறது. ஏதென்ஸ் நாடகாசிரியர் சோஃபோக்ளீஸ் இந்தக் கதையை நாடகமாக்கியது கி.மு. 5-ஆம் நூற்றாண்டில். நாம் பார்க்கப்போகும் முக்கியமான ஜாடி அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. ஆகவே நாடகக் காட்சியை ஓவியத்தில் தேடாதீர்கள்.

படி 2: இரண்டு அஜாக்ஸ்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

லோக்ரிஸ் நாட்டு அஜாக்ஸ் என்று இன்னொருவன் உண்டு, ஓய்லியஸின் மகன். தெய்வச் சிலையைக் கட்டிப்பிடித்திருக்கும் ஒரு பெண்ணை வீரன் ஒருவன் இழுக்கும் காட்சியைப் பார்த்தால், அந்தப் பெண் டிராய் இளவரசி கசாண்ட்ரா, வீரன் இந்த இரண்டாமவன். நம் ஆள் இல்லை.

படி 3: கீறல் என்றால் என்ன என்று கையால் செய்து பாருங்கள்

இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஒரு கெட்டியான சார்ட் தாளில் ஆரஞ்சு கிரேயானை நன்றாகத் தேயுங்கள். அதன்மேல் கறுப்பு கிரேயானை அழுத்திப் பூசி முழுக்க மூடுங்கள். இப்போது ஒரு குண்டூசியால் கண், புருவம், தாடி என்று கீறுங்கள். ஆரஞ்சுக் கோடு வெளியே வரும். தவறினால் அழிக்க முடியாது என்பதும் உடனே புரிந்துவிடும்.

கறுப்பு உருவ ஓவியத்தின் அடிப்படை இதுதான். கறுப்பாகத் தெரிவது சாயம் அல்ல, மிக நுண்ணிய களிமண் குழம்பு. உருவத்தை அதனால் வரைந்து, கூரான கருவியால் விவரங்களைக் கீறி, சூளையில் வைப்பார்கள். முதலில் காற்றை விட்டு, பிறகு அடைத்து, மறுபடி விட்டுச் சுடும்போது குழம்பு பூசிய இடம் கறுப்பாகவே நின்றுவிடும், மற்ற இடம் சிவந்துவிடும். கி.மு. 530-ஐ ஒட்டி ஏதென்ஸில் இது தலைகீழானது. பின்னணி கறுப்பு, உருவம் சிவப்பு, உள்விவரங்கள் தூரிகைக் கோட்டில். ஒரு ஜாடியைப் பார்த்தவுடன் எது இந்த வகை, எது அந்த வகை என்று சொல்லிப் பழகுங்கள்.

படி 4: சுலபமான படத்தில் தொடங்குங்கள்

வத்திக்கான் அருங்காட்சியகத்தில் எக்சீக்கியாஸ் கையெழுத்திட்ட ஆம்போரா (இரண்டு கைப்பிடி உள்ள) ஜாடி இருக்கிறது. கி.மு. 540-530 காலம், சுமார் 61 செ.மீ. உயரம். அக்கிலீஸும் அஜாக்ஸும் குனிந்து உட்கார்ந்து காய் விளையாடுகிறார்கள். பெயர்கள் பக்கத்திலேயே எழுதியிருக்கின்றன. இருவர் வாயிலிருந்தும் எண்கள் வருகின்றன: அக்கிலீஸ் நான்கு என்கிறான், அஜாக்ஸ் மூன்று என்கிறான். அக்கிலீஸ் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, அதன் கொண்டை மேல் விளிம்புவரை போகிறது. அஜாக்ஸ் வெறுந்தலையோடு, அதனாலேயே சற்றுத் தாழ்ந்து தெரிகிறான். இருவரும் ஏந்திய ஈட்டிகளின் சாய்வைப் பின்தொடருங்கள். உங்கள் கண் நேராக விளையாட்டுப் பலகையில் வந்து நிற்கும்.

படி 5: அடுத்து, பூலோன் ஜாடி

பிரான்சின் பூலோன்-சுர்-மெர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதையும் எக்சீக்கியாஸ்தான் வரைந்தார், கி.மு. 530-ஐ ஒட்டி. படத்தைப் பெரிதாக்கி, அவசரப்படாமல் பாருங்கள்.

அஜாக்ஸ் தனியாகக் குந்தியிருக்கிறான். முன்னால் சின்ன மண்மேடு. அதில் வாளை முனை மேலே இருக்கும்படி நட்டு, சாயாமல் இருக்க மண்ணைக் கையால் அணைத்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் காட்சி. இதற்கு முந்தைய ஓவியர்கள் பெரும்பாலும் வாளில் விழுந்து கிடக்கும் உடலைத்தான் வரைந்தார்கள். பாசெல் நகரில் உள்ள கொரிந்தியக் கிண்ணத்தில், கிடக்கும் அஜாக்ஸைச் சுற்றி மற்ற வீரர்கள் கூடி நிற்பார்கள். எக்சீக்கியாஸ் கூட்டத்தையும் ரத்தத்தையும் எடுத்துவிட்டார். சாவுக்கு முந்திய அந்த வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை கிரேக்க ஓவியத்தில் இதைவிடத் துணிச்சலான முடிவு வேறு இல்லை.

இப்போது நெற்றியைப் பாருங்கள். கண்ணுக்கு மேலே சில கீறல்கள், சுருக்கங்கள். அந்தக் காலத்து ஓவியங்களில் முகத்தில் உணர்ச்சி காட்டுவது அபூர்வம். நீங்கள் குண்டூசியால் கீறிப் பார்த்தீர்களே, அதே மாதிரிக் கோடுகள்தான் இவை.

பிறகு வலப்பக்கம் போங்கள். கேடயம், அதன்மேல் ஆளில்லாத தலைக்கவசம், ஈட்டிகள். கேடயத்தில் கோர்கன் (பாம்புக் கூந்தல் கொண்ட அரக்கி) முகம். தலைக்கவசம் அவன் பக்கமே திரும்பியிருப்பதால், இன்னொரு வீரன் நின்று பார்ப்பதுபோல இருக்கிறது. இடப்பக்கம் ஒரு பேரீச்சை மரம். அவனுடைய வளைந்த முதுகைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள், பிறகு விரலை எடுத்துப் பாருங்கள். படத்தின் முழுப் பாரமும் அந்த ஒரு வளைவில் இருப்பது தெரியும்.

படி 6: பிறகு நடந்ததைப் பாருங்கள்

கி.மு. 490-ஐ ஒட்டி, பிரிகோஸ் ஓவியர் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் கலைஞர் வரைந்த சிவப்பு உருவக் கிண்ணம் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ளது. வெளிச்சுவரில் கவசத்துக்கான சண்டையும், கூழாங்கற்களை வைத்து வாக்களிப்பதும். உள்ளே, நடுவட்டத்தில் அஜாக்ஸின் உடல். அவனோடு வாழ்ந்த டெக்மெஸா ஒரு துணியை விரித்து அவன்மேல் போர்த்த வருகிறாள். இது மது குடிக்கும் கிண்ணம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மது குறையக் குறையத்தான் இந்தக் காட்சி குடிப்பவர் கண்ணில் படும். பூலோன் ஜாடியில் யாருமில்லாமல் இருந்தவனுக்கு இங்கே ஒருத்தி வந்துவிட்டாள். எனக்கு அதில் ஒரு ஆறுதல்.

படி 7: இனி நீங்களே

கெட்டி அருங்காட்சியகம் தன் இணையதளத்தில் நல்ல தரமான படங்களை இலவசமாகத் தருகிறது, அங்கிருந்து தொடங்கலாம். எந்த ஜாடியானாலும் முதலில் கேளுங்கள்: கதையில் எந்த நொடியை ஓவியர் எடுத்தார்? யாரை விட்டுவிட்டார்? பெயர், காலமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பயிற்சிக்கு, ஃபிளாரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள பிரான்சுவா ஜாடி. கி.மு. 570-ஐ ஒட்டியது. 1900-ல் காவலர் ஒருவர் உடைத்து 638 துண்டுகளான பிறகு ஒட்டிச் சேர்த்தது. நடு உடலில் கூட்டமாக இருக்கும் காட்சிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கைப்பிடிகளைப் பாருங்கள், இரண்டிலும் அஜாக்ஸ் அக்கிலீஸின் உடலைச் சுமக்கிறான். அவன் முழங்கால் எப்படி மடிந்திருக்கிறது, தோளில் கிடப்பவனின் முடியும் கைகளும் எங்கே தொங்குகின்றன என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அதைப் பூலோன் ஜாடியில் குந்தியிருக்கும் அஜாக்ஸின் முழங்காலோடு ஒப்பிடுங்கள்.