மணி முந்த வேண்டும்: ஆக்கநிலையிறுத்தத்தை வீட்டில் செய்து அறியும் முறை

ஒரு குறிப்பு வேறொன்றோடு பலமுறை இணைந்து வருவதால், அக்குறிப்புக்கே உடல் எதிர்வினை காட்டக் கற்பதே ஆக்கநிலையிறுத்தம். அதன் பெயரைக் கேட்டதும் நாய், மணி, உமிழ்நீர் என்று அடுக்கிச் சொல்லிவிடுவோர் பலர். மணிக்கும் உணவுக்கும் இடையே எது முந்த வேண்டும், ஏன் முந்த வேண்டும் என்று கேட்டால் தயங்குவர். அந்த முன்பின் வரிசையே இதன் உயிர் என்பதால், அதை ஒரு மாலைப்பொழுதில் நீங்களே செய்து அறியும் வழியை விளக்குகிறேன்.

ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லவ் செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். அவரது ஆய்வகத்தில் நாய்களின் உமிழ்நீரைச் சிறு திறப்பு வழியாக வெளியே சேகரித்து அளந்தபோது, உணவு வாயில் படும் முன்பே, அதைக் கொண்டுவருபவரைக் கண்டதும் உமிழ்நீர் சுரப்பது தெரியவந்தது. உணவு இயற்கைத் தூண்டல். அதற்குச் சுரக்கும் உமிழ்நீர் இயற்கைத் துலங்கல், அதாவது எதிர்வினை. தொடக்கத்தில் எச்சுரப்பையும் எழுப்பாத மெட்ரோனோம் (சீரான தாளத்தில் தட்டொலி எழுப்பும் கருவி) ஒலி நடுநிலைத் தூண்டல். உணவுக்குச் சற்று முன்பாகப் பலமுறை ஒலித்த பிறகு, தனியே ஒலித்தாலும் உமிழ்நீரை வரவழைக்கும் ஆக்கநிலையுற்ற தூண்டலாக அது மாறுகிறது.

உங்களுக்கு ஒரு நண்பர், நீர் கலந்த எலுமிச்சைச் சாறு, டிராப்பர், சிறு மணி ஆகியவை போதும். முதலில் கண்களை மூடி அமருங்கள். எலுமிச்சையைப் பார்த்தாலே, ஏன், அதன் பெயரைப் படித்தாலே வாய் ஊறுகிறதென்றால், உங்களிடம் ஆக்கநிலையிறுத்தம் முன்பே நிகழ்ந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பழைய பிணைப்பு குறுக்கிடாதிருக்கவே கண்களை மூடச் சொல்கிறேன். நண்பர் மணியை மட்டும் சில முறை ஒலிக்கட்டும். வாய் ஊறவில்லை என்பது உறுதியான பிறகே மேலே செல்ல வேண்டும்.

அடுத்து, மணி ஒலித்த ஒரு நொடிக்குள் நாக்கில் இரண்டு சொட்டுச் சாறு விடுமாறு நண்பரிடம் சொல்லுங்கள். இதை இருபது முறை செய்யலாம். இடைவெளியை அரை நிமிடம், ஒரு நிமிடம் என மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சீராக விட்டால் காலமே ஒரு குறிப்பாகிவிடும். இடையிடையே, உங்களுக்குச் சொல்லாமல், அவர் சாறின்றி மணியை மட்டும் ஒலிக்கட்டும். வேறு சில தடவை மேசையை மட்டும் தட்டட்டும். ஒவ்வொன்றுக்கும் வாய் ஊறும் அளவை 0 முதல் 5 வரை நீங்கள் சொல்ல, அவர் தாளில் குறித்துக்கொள்வார். சிலருக்கு வேறுபாடு மங்கலாகவே தெரியும். எதிர்பார்ப்பும் மதிப்பெண்ணில் கலந்துவிடும் என்பதால்தான் மேசையோசையை ஒப்பீட்டுக்கு வைத்தோம்.

பின்னர்ச் சாற்றை நிறுத்திவிட்டு மணியை மட்டும் தொடர்ந்து ஒலித்தால் துலங்கல் படிப்படியாகத் தணியும். அது அழிந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். ஓய்வுக்குப் பின் மணி ஒலிக்கும்போது துலங்கல் ஓரளவு தானே மீள்வதைப் பாவ்லவ் கண்டார். பழைய கற்றல் அப்படியே இருக்க, அதன்மேல் புதிய கற்றல் படிகிறது என்பதையே இது காட்டுகிறது. சிகிச்சையில் தணிந்த அச்சம் பின்னாளில் திரும்புவதற்கும் இது ஒரு காரணம். ஒரு மணி நேரம் கழித்து நீங்களும் இதைச் சோதிக்கலாம்.

அச்சத்தைக் கொண்டு இச்சோதனையைச் செய்ய வேண்டாம். 1920-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் வாட்சனும் ரெய்னரும் ஒரு குழந்தைக்கு வெள்ளெலியின்மேல் அச்சத்தை உண்டாக்கி, அதைப் போக்காமலேயே விட்டது இத்துறையின் தீராத களங்கம்.

எத்தனை முறை இணைத்தோம் என்பது மட்டும் போதாது. ஒலியோடு எத்தனை முறை மின்னதிர்ச்சி வந்தாலும், ஒலியில்லாத நேரத்திலும் அதே அளவு வாய்ப்போடு அது வந்தால் எலிகள் ஒலிக்கு அஞ்சுவதில்லை என்று 1968-இல் உளவியலாளர் ரெஸ்கோர்லா காட்டினார். வரப்போவதை முன்கூட்டி உணர்த்தும் ஒலிக்கே மதிப்பு. ஆகவே மறுநாள் வேறோர் ஒலியை எடுத்து, சாறு முதலில், ஒலி பின்னர் என்று மாற்றி அதே இருபது முறை செய்து, மதிப்பெண்களை முதல் நாள் தாளோடு ஒப்பிடுங்கள்.