சிபாப் மாஸ்க்: பட்டையை இறுக்குவதற்கு முன்னால்

தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கு மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்துவது சிபாப் மெஷின். அதை வாங்கிப் பரணில் ஏற்றிவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், மெஷினைக் குறை சொல்பவர்கள் குறைவு. மூக்குத் தண்டில் புண், கண்ணில் அடிக்கும் காற்று, நடுராத்திரியில் புஸ்ஸென்று ஒரு சத்தம் என்று மாஸ்க்கைப் பற்றித்தான் சொல்வார்கள். இதில் எது வந்தாலும் கை முதலில் போவது பட்டைக்கு. இறுக்க இறுக்கக் கசிவு கூடுமே தவிரக் குறையாது.

ஏன் என்று தெரிந்துகொள்ள, மாஸ்க்கில் முகத்தைத் தொடும் மெத்தையான குஷனை விரலால் நிமிண்டிப் பாருங்கள். பெரும்பாலான மாஸ்க்குகளில் சிலிகான் இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளே தடித்த ஒன்று, வெளியே வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது ஒன்று. காற்று உள்ளே வந்ததும் அந்த மெல்லிய அடுக்கு உப்பி முகத்தில் ஒட்டிக்கொள்கிறது, காற்றை அடைப்பது அதுதான். பட்டையை இழுத்துக் கட்டினால் அது நசுங்கி மடிப்பு விழும். அந்த மடிப்பு வழியாகவே காற்று போகும், தடித்த அடுக்கு எலும்பில் அழுந்திப் புண்ணும் ஆகும்.

எந்த வகை?

நாசித் துவாரத்தின் வாயில் உட்காரும் பில்லோ, மூக்கை மட்டும் மூடும் நேசல், மூக்கு வாய் இரண்டையும் மூடும் ஃபுல் ஃபேஸ் என்று முக்கியமாக மூன்று. "வாயைத் திறந்துகொண்டு தூங்குவேன்" என்று கடையில் சொன்னால் ஃபுல் ஃபேஸை எடுத்து நீட்டிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். வாய் திறப்பது பல சமயம் மூக்கடைப்பாலோ மூச்சுத் தடையாலோதான், சிகிச்சை தொடங்கியதும் பலருக்கு அது குறையும். ஃபுல் ஃபேஸுக்கு விளிம்பு நீளம் என்பதால் கசிய இடமும் அதிகம். அதன் பட்டை தாடையைப் பின்னுக்குத் தள்ளவும் கூடும். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நேசல் அல்லது பில்லோவைத்தான் முதலில் பரிந்துரைக்கிறது. மூக்கு நிரந்தரமாக அடைத்தே இருந்தால் கதை வேறு. அதற்கு முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

தாடி மீசைக்காரர்களுக்கும், மூடினாலே மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்கும் பில்லோ நல்லது. மூக்குத்தி போட்டிருந்தால் உள்ளே இருக்கும் திருகு பில்லோவின் சிலிகானில் உரசும். நேசல் மாஸ்க்கில் விளிம்பு கல்லின் மேல் ஏறினால் அங்கே கசியும். படுக்கும்போது கழற்றிவைக்க முடிந்தால் தொல்லையே இல்லை.

காந்தக் கொக்கி உள்ள மாஸ்க்குகள் மாட்ட வசதியானவை. ஆனால் உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் கிளிப் போன்றவை இருந்தால் அவை வேண்டாம். மாஸ்க் தயாரிக்கும் பிலிப்ஸ் 2022-லும் ரெஸ்மெட் 2023-லும் இதற்காகவே எச்சரிக்கை விட்டன. அத்தகைய கருவியிலிருந்து காந்தம் குறைந்தது 15 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும் என்பது கணக்கு.

மாட்டும் முறை

கடை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த அளவு படுக்கையில் பொய்யாகும். மல்லாந்தால் கன்னத்துச் சதை காதுப் பக்கம் சரியும், தாடை இறங்கும். அதனால் படுத்துத்தான் பொருத்த வேண்டும். ஃபுல் ஃபேஸுக்கு அளவு எடுக்கும்போது வாயைக் கொஞ்சம் திறந்துவைத்து எடுங்கள்.

பட்டைகளை எல்லாம் தளர்த்திக்கொண்டு, வழக்கமாகப் படுக்கும் தலையணையில் படுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த அழுத்தத்தில் மெஷினை ஓடவிடுங்கள். மெதுவாக ஏற்றும் ராம்ப் ஓடும்போது சோதித்தால் 4 செ.மீ. நீர் அழுத்தத்தில் எல்லா மாஸ்க்கும் நன்றாகத்தான் தெரியும், 12-க்குப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். 'மாஸ்க் ஃபிட்' சோதனை உள்ள மெஷின் என்றால் அதைப் போடுங்கள். இப்போது மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு இழுத்து, மெல்லிய அடுக்கு உப்பியதும் மெதுவாக உட்காரவிடுங்கள். முதலில் மேல் பட்டை, பிறகு கீழ்ப் பட்டை, இரண்டு பக்கமும் ஒரே அளவு. பட்டைக்கு அடியில் ஒரு விரலாவது தாராளமாக நுழைய வேண்டும். அப்படியே இடது, வலது என்று புரண்டு பாருங்கள்.

ராத்திரியில் கசிந்தால் முதலில் செய்ய வேண்டியதும் இதே இழுத்து உட்காரவைக்கும் வேலைதான். கண் பக்கமே திரும்பத் திரும்பக் காற்று போனால் குஷன் பெரிதாக இருக்கலாம், ஒரு சைஸ் கீழே போட்டுப் பாருங்கள். காலையில் மூக்கில் தெரியும் சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால் இறுக்கம் அதிகம்.

மாஸ்க்கின் முன்னால் சிறு துளைகள் வழியாக எப்போதும் காற்று வரும். அது நீங்கள் விடும் மூச்சு வெளியேறும் வழி. போர்வையாலோ டேப்பாலோ அதை மூடக் கூடாது. ரெஸ்மெட் மெஷின் இந்தக் காற்றைக் கழித்துவிட்டுத்தான் கசிவைக் காட்டும், அதில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருந்தால் போதும். பிலிப்ஸ் அறிக்கையில் இதையும் சேர்த்த மொத்தக் கசிவு இருக்கும், இரண்டு எண்ணையும் ஒப்பிடாதீர்கள்.

எண்ணெய், தண்ணீர், கரண்ட்

சிலிகானுக்கு எதிரி எண்ணெய்ப் பசை. படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவுங்கள், அதன்மேல் கிரீம் வேண்டாம். நெற்றித் தாங்கி உள்ள மாஸ்க் என்றால் விபூதி, சந்தனம், ஸ்டிக்கர் பொட்டு எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுத்தால் பட்டை வழுக்கி மேலேறும், எலாஸ்டிக்கும் சீக்கிரம் தொய்ந்துவிடும். குஷனைத் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தை சோப்பு போட்டுக் கழுவி நிழலில் காயவையுங்கள். பட்டை, டியூபுக்கு வாரம் ஒருமுறை போதும். டெட்டால், ஸ்பிரிட், பிளீச், மொட்டைமாடி வெயில் நான்கும் கூடாது.

காற்றை ஈரமாக்கும் தொட்டியான ஹியூமிடிஃபையருக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் சரி, தினமும் மாற்ற வேண்டும். கிடைக்காத நாளில் கொதித்து ஆறிய தண்ணீர் சமாளிக்கும், ஆனால் தொட்டியில் உப்புப் படியும். ஏசி அறையில் டியூபுக்குள் தண்ணீர் கோத்து களக்களக் என்று சத்தம் வந்தால் ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்து, டியூபுக்குத் துணி உறை போடுங்கள்.

கரண்ட் போனால் ஃபுல் ஃபேஸில் வெளிக்காற்றை விடும் வால்வு ஒன்று திறந்துகொள்ளும். நேசலில் வாய்தான் வால்வு, அதனால் வாயில் டேப் ஒட்டும் இணைய வைத்தியத்தைத் தொடாதீர்கள். இன்வெர்ட்டரில் ஓட்டும்போது ஹியூமிடிஃபையர் சூட்டை அணைத்துவிட்டால் பேட்டரி வெகுநேரம் தாங்கும்.

புதிதாக மாட்டுபவர்கள் ஒரு வாரம் பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுவது நல்லது.

சரியாகப் பொருந்திய அன்றே வெல்க்ரோ முடியும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். சில மாதம் கழித்து அந்தக் கோட்டைத் தாண்டி இழுத்தால்தான் நிற்கிறது என்றால், ஒன்று பட்டை தொய்ந்திருக்கும், அல்லது குஷன் மஞ்சளித்து விறைத்திருக்கும். முழு மாஸ்க்கையும் வாங்காமல் முதலில் குஷனை மட்டும் மாற்றிப் பாருங்கள்.