வசந்தக் கவிதை: மொட்டைப் பார்ப்பதிலிருந்து இன்னொருவர் குரலில் கேட்பது வரை

மூன்று வருடமாக வசந்தத்தைப் பற்றி எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இந்த முறைதான் ஒரு கவிதை நின்றது. அதை எழுதியது பத்து நாள் வேலை. இன்னொருவரிடம் எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொள்ளத்தான் மூன்று வருடம் ஆனது. அதனால் எழுதும் பகுதியைச் சுருக்கமாகவும் கொடுக்கும் பகுதியை விரிவாகவும் சொல்கிறேன். மரபா, புதுக்கவிதையா என்ற கேள்விக்குள் போகவில்லை. உங்களுக்குக் கைவந்த வடிவத்தில் எழுதுங்கள்.

படி 1: ஒரே ஒரு மொட்டு

மொத்த வசந்தத்தையும் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் வரும். இது என் முதல் முயற்சி:

வசந்தம் வந்தது
மரங்கள் புத்தாடை உடுத்தின
என் மனமும் புதிதானது

ஜன்னலைச் சாத்திக்கொண்டே இதை எழுதிவிடலாம். இதில் ஒரு மரம்கூட இல்லை.

நீங்கள் தினமும் கடந்துபோகும் ஒரு கிளையில் ஒரு மொட்டைத் தேர்ந்தெடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள், நாளுக்கு ஒரு வரி குறித்து வையுங்கள். அழகாக எழுத வேண்டாம். என் குறிப்புகள் இவ்வளவுதான்: "செதில் பழுப்பு நிறம். தொட்டால் பிசுபிசுப்பு." "நுனியில் விரிசல். நகக்கீற்று அளவு பச்சை." "உள்ளே இலை விசிறி மாதிரி மடிந்திருக்கிறது." "மழை. போகவில்லை." பத்து நாள் போதும்.

எழுதுவதற்கு பென்சில்தான் என் சிபாரிசு, அதுவும் ரப்பர் இல்லாமல். பிடிக்காத வரியின் மேல் ஒரே ஒரு கோடு போடுங்கள், கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். கைப்பேசியில் எழுதினால் அழித்தது அழிந்ததுதான். அடுத்த படிக்கு அந்த அடித்த வரிகள் வேண்டும்.

படி 2: பழைய நோட்டு

குளிர்நாடுகளில் இலையுதிர்க்கும் பல மரங்கள், வசந்தத்தில் விரியும் மொட்டுகளை முந்தைய கோடையிலேயே கட்டி வைத்துவிடுகின்றன. போதுமான அளவு குளிர் பட்ட பிறகே அவற்றின் உறக்கம் கலையும், அதற்கப்புறம் வெப்பம் வந்தால் விரியும். நாம் புதுத்தளிர் என்று கொண்டாடுவது போன வருடத்து வேலை. இதைத் தெரிந்துகொண்ட அன்று என் பழைய நோட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். அடித்துப்போட்ட வரிகளில் "நான் பார்க்காதபோது" என்று ஒரு துண்டு கிடைத்தது. எதற்காக எழுதினேன் என்பதே மறந்துவிட்டது. மொட்டுக் குறிப்புகளோடு அதைச் சேர்த்தபோது கவிதை வந்தது.

படி 3: எழுதுங்கள்

நான்கைந்து வரி போதும். "மகிழ்ச்சி", "நம்பிக்கை", "புத்துயிர்" போன்ற சொற்களை முதல் வரைவில் தவிர்த்துவிடுங்கள். வசந்தம் என்றாலே சந்தோஷம் என்ற கட்டாயமும் இல்லை. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று வகுத்த நம் மரபில், சங்கப் பாடல்களில் அந்தப் பருவம் பல இடங்களில் ஏக்கத்தோடுதான் வருகிறது. குயில் கூவிவிட்டது, வருவேன் என்று சொல்லிப் போனவர் இன்னும் வரவில்லை.

படி 4: கொடுப்பது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முதலில் நண்பர்கள் குழுவில் கவிதையைப் போட்டேன். கைதட்டும் படங்கள் வந்தன. அப்புறம் நேரில் வாசித்துக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லா இருக்கு" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் கவிதை அவர்களுக்குள் போனதா, வாசலிலேயே நின்றதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதியவரே வாசிக்கும்போது குரல் எல்லாக் குறையையும் மூடிவிடுகிறது. எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்று அவருக்குத் தெரியுமே.

இப்போது செய்வது இது. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறேன். கவிதையைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்து, அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். நான் வாயைத் திறப்பதில்லை, விளக்கம் சொல்வதும் இல்லை. என் கையில் இன்னொரு பிரதி இருக்கும். அவர் தயங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைப்பேன்.

என் கவிதையின் மூன்றாவது வரி முதலில் "நான் காணாக் கணமொன்றில்" என்று இருந்தது. தோழி இரண்டு முறை அங்கே தடுமாறினாள். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. ஆனாலும் நோட்டில் கிடைத்த பழைய துண்டையே அப்படியே வைத்தேன்:

ஒன்பது நாள் பார்த்தேன்
பத்தாம் நாள்
நான் பார்க்காதபோது
விரிந்திருந்தது

வாசித்து முடித்ததும் கருத்துக் கேட்காதீர்கள். மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த வரி ஞாபகம் இருக்கு?" தோழி "நான் பார்க்காதபோது" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அப்பாகிட்ட ராத்திரி பகலா உட்கார்ந்திருந்தேன். தண்ணி குடிக்க எழுந்து போனப்பதான் போயிட்டார்" என்றாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் அதை என்னிடம் சொன்னதே இல்லை. நான் மொட்டைப் பற்றி மட்டுமே நினைத்து எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கவிதையில் ஒரு எழுத்தையும் மாற்ற மனம் வரவில்லை.

படி 5: தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள்

ஜப்பானில் ரெங்கா என்ற கூட்டுக் கவிதை உண்டு. ஒருவர் மூன்று அடி எழுத, அடுத்தவர் இரண்டு அடி எழுத, மாறி மாறிப் போகும். ஒருவர் ஒரு முறை எழுதுவது ஒரு கண்ணி. முதல் கண்ணியில் அப்போதைய பருவம் இடம்பெற வேண்டும். அந்த முதல் கண்ணிதான் பிற்காலத்தில் தனியே நின்று ஹைக்கூ ஆனது. 36 கண்ணிகள் கொண்ட வகை பிரபலம், தொடக்கத்துக்கு ஆறு போதும். மூன்றடிக் கண்ணிக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் 5-7-5 அசைக்கணக்கைத் தமிழில் பிடித்துத் தொங்க வேண்டாம், வரி எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும். ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: உங்கள் கண்ணி முந்தைய கண்ணியோடு ஒட்ட வேண்டும், அதற்கும் முந்தையதிலிருந்து விலக வேண்டும். இல்லையென்றால் ஆறும் ஒரே மொட்டையே சுற்றிக்கொண்டிருக்கும்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"எங்கள் பக்கம் மரங்கள் வருடம் முழுக்கப் பச்சை, மொட்டுக்கு எங்கே போக?" தொட்டிச் செடியின் வளர்நுனியைப் பாருங்கள், அங்கேயும் தினம் ஒன்று நடக்கிறது.

"எந்த நாளில் தொடங்கலாம்?" மார்ச் 21 உலகக் கவிதை நாள், யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு அப்போது இலையுதிர்காலம். அவர்கள் உதிரும் ஓர் இலையின் காம்பைப் பார்க்கலாம்.

"வாசிக்கக் கொடுத்தவர் ஒன்றுமே ஞாபகம் இல்லை என்கிறார்." எனக்கும் நடந்திருக்கிறது. அந்தத் தாளில் தேதி போட்டு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன், அடுத்த வசந்தத்துக்கு.