கண் எரிச்சலும் பதப்படுத்தி இல்லாத சொட்டு மருந்தும்: என் அனுபவம்

நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்க்கும் வேலையில் கண்கள் வறண்டதால், மருந்துக்கடையில் வாங்கிய செயற்கைக் கண்ணீரை நாளுக்கு எட்டு முறை வரை விட்டு வந்தேன். ஆனால் எரிச்சல் தணியாமல் கூடிக்கொண்டே போயிற்று. பெட்டியைக் கண் மருத்துவரிடம் காட்டியபோது, அதிலிருந்த பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி (மருந்தில் கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கும் பொருள்), அடிக்கடி விடும்போது கருவிழியின் மேற்பரப்பையே புண்படுத்தக்கூடும் என்றும், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்படுவோருக்குப் பதப்படுத்தி இல்லாததே ஏற்றது என்றும் விளக்கினார். மருந்தே நோயாகியிருந்தது.

அவர் எழுதித் தந்தது, கண்ணை ஈரமாக வைக்கும் கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் என்ற பொருளை 0.5 சதவீதம் கொண்ட, பதப்படுத்தி இல்லாத ஒற்றை வேளைக் குப்பிகள். விலை கூடுதல்தான். சிக்கனம் கருதி, திறந்த குப்பியை மறுநாளுக்கு எடுத்து வைக்க எனக்கும் ஆசை வந்தது. ஆனால் கிருமியைத் தடுக்கும் பொருள் இல்லாத மருந்தில் கிருமி எளிதில் வளரும் என்பதால், உறையில் குறித்துள்ள நேரத்திற்குப் பின் மிச்சத்தை எறிந்துவிடுகிறேன். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பதப்படுத்தி இல்லாத ஒருவகைச் செயற்கைக் கண்ணீரோடு தொடர்புடைய சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றால் பலர் பார்வையை இழந்தனர். அது பலமுறை பயன்படுத்தும் புட்டியில் வந்த மருந்து.

கையைச் சோப்பிட்டுக் கழுவி, குப்பியின் முனை இமையில் படாதவாறு கீழிமையை இழுத்து ஒரே சொட்டு விட்டு, மூக்கோரக் கண்முனையை ஒரு நிமிடம் அழுத்திக்கொள்கிறேன். வேறு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி விடுகிறேன். மூன்று வாரங்களில் எரிச்சல் நின்றது.